கதிர் பட்ட கோட்டு

கண்ணுக்குத் தெரியாத, காதுக்குக் கேட்காத, மூக்குக்கும் எட்டாத ஒரு சரக்கை நிமிஷக் கணக்கில் அளந்து கொடுப்பது என் தொழில்.

சரக்கின் பெயர் காமாக் கதிர். எழுபதுகளின் கடைசியில் தில்லியில் ஒரு பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் கோபால்ட் மெஷின் ஒன்று இருந்தது. புற்றுநோய்க்காரர்களுக்குக் கதிர் வைக்கும் இயந்திரம். நம்மவர்கள் இதைக் ‘கரண்டு வைக்கிறது’ என்பார்கள். வடக்கத்திக்காரர்கள் ‘பிஜிலி சிகாயி’, அதாவது கரண்டு ஒத்தடம் என்பார்கள். உண்மையில் அதில் கரண்டும் கிடையாது, ஒத்தடமும் கிடையாது. பெரிய ஈயத் தலை ஒன்றுக்குள் சின்னத் துண்டாகக் கோபால்ட் உலோகம் உட்கார்ந்திருக்கும். வெளியே இருந்து பொத்தானை அழுத்தினால் அது வாசலுக்கு வந்து நிற்கும். நேரம் முடிந்ததும் உள்ளே போய்விடும். அழுத்துகிற டெக்னீஷியன் நான்.

உத்தியோகத்தின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் எதிரே இருப்பவர் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்ட அனுபவம் உங்களில் சிலருக்கு இருக்கும். பிணவறையில் வேலை பார்ப்பவர்கள், பாம்பு பிடிப்பவர்கள், வருமான வரி ஆபீஸ்காரர்கள். நாமெல்லாம் ஒரே ஜாதி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஹீட்டர்

கரோல்பாகில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் எனக்கு ஒற்றை அறை. மே மாதம் வறுக்கும், ஜனவரியில் விறைக்க வைக்கும். வீட்டுக்கார அம்மாள் பஞ்சாபி. எல்லாரும் பீஜி என்றுதான் கூப்பிடுவோம். மதராஸிப் பையன் குடிக்க மாட்டான், கறி, மீன் சமைக்க மாட்டான் என்று நம்பி எனக்கு அறையைக் கொடுத்தவள். நான் ஸ்ரீவைகுண்டத்துக்காரன், இரண்டாவது விஷயத்தில் அவள் நம்பிக்கை தப்பு. ஆனால் அவளாகக் கேட்காதபோது நானாக ஏன் சொல்ல வேண்டும்?

முதல் குளிர்காலத்தில் ஒரு ஹீட்டர் வாங்கிக்கொண்டு படியேறினேன். பீஜி நடுப்படியில் மறித்தாள். கரண்டு பில்லைப் பற்றிப் பேசப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ என் வேலையைப் பற்றி விசாரித்தாள். நாள் முழுக்கக் கதிர் இருக்கும் இடத்தில்தானே நிற்கிறாய் என்றாள். ஆமாம் என்றேன். அது உடம்புக்குள் புகுந்து போகுமாமே என்றாள். போகும்தான் என்றேன், படித்த பெருமையில். அவள் ஹீட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அரே பேட்டா, அத்தனையும் உடம்பிலே ஏத்திக்கிட்டு வர்றே. அப்புறம் உனக்கு ஹீட்டர் எதுக்கு?”

பயந்தவர்

மெஷின் இருந்த அறைக்குக் கோட்டை மதிலைப் போன்ற சுவர். நோயாளியைப் படுக்கையில் கிடத்துவோம், இம்மி பிசகாமல் இடத்தைக் குறிவைப்போம், அசையாதீர்கள் என்போம், பிறகு எல்லாரும் வெளியே வந்து கனத்த கதவைச் சாத்துவோம். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும். உள்ளே அவர் தனி.

ரோத்தக் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். விவசாயி, தொண்டையில் கட்டி, பெரிய தலைப்பாகை. “பயப்படாதீங்க பாபா. சுடாது, வலிக்காது, ஒண்ணும் ஆகாது” என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தேன். “ஒண்ணும் ஆகாதுன்னா நீங்க ஏன் ஓடுறீங்க?” என்று படுத்தபடியே கேட்டார். திரும்பி வந்து, பருப்புக்கு உப்பு வேண்டும், அதற்காகச் சமைக்கிறவன் நாள் முழுக்க உப்பையே தின்ன முடியுமா என்று விளக்கினேன். ஏதோ தலையாட்டினார்.

சில வாரங்களில் சிகிச்சை முடிந்தது. கட்டி கரைந்து, ரொட்டியை விழுங்க முடிகிறது என்று சொல்லும் அளவுக்கு ஆனார். கடைசி நாள் வெளியே பெஞ்சில் ஒரு புது நோயாளி நடுங்கிக்கொண்டிருந்தார். பெரியவர் அவர் தோளில் கை வைத்து, கரகரத்த குரலில், எனக்கும் கேட்கும்படி சொன்னார்:

“உள்ளே பயப்பட எதுவும் இல்லே பாய். இந்த மதராஸி பாபுதான் கொஞ்சம் பயந்த சுபாவம்.”

ஒரு நிமிஷம்

எந்த நோயாளிக்கு எத்தனை நிமிஷம் என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்வது எங்கள் இயற்பியல்காரர் முகர்ஜி. கட்டி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் தில்லியில் எது கொடுத்தாலும், பக்கத்தில் இருப்பவனுக்கு எவ்வளவு கிடைத்தது என்று பார்ப்பதுதான் வழக்கம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நிமிஷங்களை ஒப்பிட்டுக்கொள்வார்கள்.

பழைய தில்லி ஜவுளிக்காரர் ஒருவர் தன் தாயாரை அழைத்துவருவார். அடுத்த நோயாளியைவிட அம்மாவுக்கு நேரம் குறைவு என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். முதலில் என்னிடம் கெஞ்சினார். பிறகு ஒரு டப்பா பர்ஃபி வந்தது, திருப்பி அனுப்பினோம். மூன்றாவதாக ஒரு எம்.பி. வீட்டிலிருந்து முகர்ஜிக்கு டெலிபோன் வந்தது. முகர்ஜி பொறுமைசாலி. ஜவுளிக்காரரை உட்காரவைத்து, காகிதத்தில் படம் போட்டு, கூடுதல் கதிர் எப்படி நல்ல சதையையும் கெடுக்கும் என்று விளக்கினார். அவர் கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். எல்லாம் புரிந்துவிட்டது என்றார். எழுந்து வாசல் வரை போனவர் திரும்பி நின்றார்.

“ஒரே ஒரு நிமிஷம் கூடப் போட்டா சர்க்காருக்கு என்ன நஷ்டம், ஸாப்?”

தயிர்சாதத்துக்குச் சிகிச்சை

எங்கள் கீழ்த்தளத்தில் ஏ.சி. உள்ள ஒரே இடம் மெஷின் அறைதான். அங்கே படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி கிடக்கும். நோயாளிகள் சால்வை, குர்தாவைக் கழற்றி அதன்மேல் போடுவார்கள். ஜூன் மாத வெயிலில் என் தயிர்சாதம் பதினொரு மணிக்கே புளித்துப் பொங்கிவிடுவதால், தூக்குச்சட்டியை அந்த நாற்காலிக்கு அடியில் வைக்க ஆரம்பித்தேன். சாதத்துக்கு ஒன்றும் ஆகாது. காமாக் கதிர் பட்ட பொருள் கதிரை வெளியே விடாது, வெயிலில் காய்ந்த வேட்டி இருட்டில் வெளிச்சம் தராத மாதிரிதான். இருந்தாலும் முகர்ஜி பார்த்துவிட்டார். நோயாளிகளின் துணியைத் தவிர எதுவும் அந்த நாற்காலிப் பக்கம் இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். இந்த உத்தரவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னோடு வேலை பார்த்த இன்னொரு டெக்னீஷியன் குர்பச்சன் சிங். அன்று மதியம் என் தூக்குச்சட்டியை எட்டிப் பார்த்தார்.

“தோஸ்த், ஒண்ணு மட்டும் நிச்சயம். இந்தத் தயிருக்கு ஆயுசுக்கும் கான்சர் வராது.”

பரிகாரம்

கார்த்திகை மாதம் கோல் மார்க்கெட் சர்க்கார் குவார்ட்டர்ஸ் ஒன்றில் பெண் பார்க்கப் போனேன். பெண்ணின் அப்பா சங்கரலிங்கம், மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபீஸர். அம்பாசமுத்திரத்தை விட்டு வந்து தலை நரைத்துவிட்டது, பேச்சு மட்டும் தாமிரபரணியிலேயே நின்றது. நடுநடுவே ஓர் ‘அச்சா’ வரும், அவ்வளவுதான். பெண் பெயர் கோமதி, ஒரு மந்திரி ஆபீஸில் ஸ்டெனோ.

“என்ன சோலி பாக்கீக தம்பி?” என்றார். சொன்னேன். நாற்காலி பின்னுக்குப் போயிற்று. அவர் மனைவி வடைத்தட்டை என் பக்கம் தள்ளினாள், விரல் படாமல். கேள்விகள் வந்தன. தலைமுடி கொட்டுமா? கண் மங்குமா? பக்கத்தில் படுப்பவர்களுக்கு ஒட்டுமா? சமையல்கட்டு வாசலில் நின்ற கோமதி மட்டும் வேறு ஒன்று கேட்டாள். “கதவைச் சாத்துன பொறவு, உள்ள தனியா இருக்கவுக என்ன செய்வாக?” விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்கள், அதனால் மேலே ஊட்டி ஏரிப் படம் போட்ட காலண்டர் ஒன்றை ஒட்டியிருக்கிறேன் என்றேன். “நல்லதாப் போச்சு” என்றாள். அந்த வீட்டில் எல்லாரும் என் உடம்பைப் பற்றிக் கேட்டார்கள், இவள் ஒருத்திதான் உள்ளே படுத்திருப்பவரைப் பற்றிக் கேட்டாள். கட்டினால் இவளைத்தான் கட்ட வேண்டும் என்று வடையை மென்றுகொண்டே தீர்மானித்தேன்.

பஸ் ஸ்டாப் வரை சங்கரலிங்கம் கூட வந்தார். பையன் பிடித்திருக்கிறது, குடும்பமும் பிடித்திருக்கிறது, ஆனால் நாளைக்குப் பேரன் பேத்தி என்று ஒன்று இருக்கிறதே என்றார். இந்த வேலையை விட்டுவிட்டால் தன் ஆபீஸில் ஒரு கிளார்க் சீட்டுக்குச் சொல்லி வைப்பதாகச் சொன்னார். எனக்கு இந்த வேலை பிடிக்கும். ரோத்தக் பெரியவர் ரொட்டி விழுங்கியதைப் பார்த்த பிறகு, ஃபைலைத் திருப்பி உட்கார மனம் வராது. கோமதியும் வேண்டும், கோபால்ட்டும் வேண்டும். எங்களுக்குக் கதிர் படாமல் இருக்கத்தான் அத்தனை சுவரும் சட்டமும் இருக்கின்றன என்று பஸ் வரும்வரை விளக்கினேன். அவர் பெருமூச்சு விட்டார்.

“செவ்வா தோஷத்துக்குப் பரிகாரம் இருக்கு தம்பி. நாக தோஷத்துக்கும் இருக்கு. இந்தக் கதிர் தோஷத்துக்கு எந்தக் கோயில்ல போயிப் பரிகாரம் பண்ண, சொல்லுங்க?”

சீட்டில் இருக்கிறார்

மார்கழியில் அவர் ஆபீஸுக்கு வரச்சொல்லியிருந்தார். போனேன். மேஜை மேல் ஒரு ஃபைல் திறந்தபடி கிடந்தது, அதன்மேல் மூக்குக் கண்ணாடிக் கூடு. நாற்காலி முதுகில் சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு ஒன்று, தோள்பட்டை சரியாக, சுருக்கம் இல்லாமல் மாட்டியிருந்தது. ஆள் இல்லை. பியூனிடம் கேட்டேன். “ஸாப் சீட்டில்தான் இருக்கார், கோட்டு தெரியலையா?” என்று சொல்லிவிட்டுப் போனான். நானும் கோட்டுக்கு எதிரே மரியாதையாக உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்து அலுத்துப் போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கீழே புல்தரையில், இளவெயிலில், பாதி ஆபீஸ் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தது. நடுவில் ஸ்வெட்டரோடு சங்கரலிங்கம்.

இறங்கிப் போனேன். அவருக்குக் கூச்சமே இல்லை. கை நிறையக் கடலை கொடுத்து உட்கார வைத்தார். மாடியில் ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு கோட்டு உட்கார்ந்து சர்க்காரை நடத்திக்கொண்டிருந்ததை அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். பேச்சு என் வேலைக்குத் திரும்பியது. ஊரார் சொல்வதை நம்பித் தள்ளவும் மனமில்லை, நான் சொல்வதை நம்பிக் கொள்ளவும் தைரியமில்லை, அதனால் தானே நேரில் வந்து அந்த அறையைப் பார்க்கப்போவதாகச் சொன்னார். நியாயமான மனிதர். மேலதிகாரி உங்களைத் தேடினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“கோட்டு அங்கன இருக்க வரைக்கும் நான் சீட்டுலதான் இருக்கேன் தம்பி. சர்க்கார் வழக்கம் அது.”

மந்திரி மச்சினன்

சொன்னபடியே ஒரு மத்தியானம் வந்துவிட்டார். மெஷின் ஓடாத இடைவேளை. முகர்ஜி தானே வரவேற்றார். உள்ளே வருபவர்கள் வெள்ளைக் கோட்டு போட வேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி. விருந்தாளிக் கோட்டுகள் எல்லாம் வண்ணானிடம் இருந்ததால், உன்னுடையதைக் கொடு என்று முகர்ஜி என்னிடம் சொன்னார். சங்கரலிங்கம் தன் சாம்பல் கோட்டைக் கழற்றிப் படுக்கை அருகே இருந்த நாற்காலியில் மாட்டிவிட்டு என் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டார். அதில் என் ஃபிலிம் பேட்ஜ் குத்தியிருந்தது. கதிர் வேலைக்காரன் எவனும் அது இல்லாமல் இருக்கக் கூடாது. சின்னப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு துண்டு ஃபிலிம், அதன்மேல் சில உலோகத் தகடுகள். மாதக் கடைசியில் பம்பாய்க்கு அனுப்புவோம். அங்கே ஃபிலிமைக் கழுவி, எவ்வளவு கறுத்திருக்கிறதோ அவ்வளவு கதிர் வாங்கியிருக்கிறான் என்று எழுதி அனுப்புவார்கள்.

முகர்ஜி சங்கரலிங்கத்துக்குத் தெரிந்த ஆபீஸ் பாஷையிலேயே பாடம் நடத்தினார். கதிர்களில் ஆல்ஃபா என்று ஒன்று, அது காகிதத்தைக்கூடத் தாண்டாது, வாசலில் பியூனே நிறுத்திவிடுவான். பீட்டா கொஞ்சம் உள்ளே வரும், தகரத் தடுப்பு போதும், செக்‌ஷன் ஆபீஸர் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார். காமா அப்படியில்லை. யாரையும் கேட்காமல் எல்லாக் கதவையும் தாண்டி நேரே செக்ரட்டரி அறைக்குப் போய்விடும். அதை நிறுத்தத்தான் இவ்வளவு ஈயமும் இவ்வளவு சுவரும். சங்கரலிங்கம் சுவரைத் தட்டிப் பார்த்தார். விட்டத்து ஊட்டி ஏரியைப் பார்த்தார். முகம் தெளிந்தது. பிறகு நான் முகர்ஜியிடம் அரை நாள் லீவு சொல்லிக்கொண்டு வாசலில் நிற்க, அவர் தன் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். அவரைக் கோல் மார்க்கெட்டில் கொண்டுபோய் விட்டேன். மதியத்து நோயாளிகளைக் குர்பச்சன் பார்த்துக்கொண்டார். தை கடைசியில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று சங்கரலிங்கம் மறுவாரமே ஆள் அனுப்பினார். அன்று பஸ்ஸில் ஏறியதும் அவர் சொன்னது இன்றும் எங்கள் வீட்டில் வழங்குகிறது.

“அப்ப இந்தக் காமாங்கிறவன் மந்திரி மச்சினன்னு சொல்லுங்க.”

கூரான நிழல்

பொங்கல் கழிந்து சில நாளில் முகர்ஜி என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, தன் நாற்காலியிலேயே உட்கார வைத்தார். என் ஃபிலிம் கன்னங்கரேலென்று கறுத்திருப்பதாகப் பம்பாயிலிருந்து தகவல். ஒரு மனிதன் வேலைக் காலம் முழுவதும் வாங்கக் கூடாத அளவை நான் ஒரே மாதத்தில் வாங்கியிருந்தேன். விதிப்படி அன்றே மெஷினை விட்டு விலக்கினார்கள். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, மாடியில் பதிவேட்டு அறையில் ஒரு ஸ்டூலைக் காட்டினார்கள். பயந்தேன். ஊருக்கெல்லாம் பயப்படாதே என்று சொன்னவன், கண்ணாடி முன்னால் நின்று தலைமுடியை இழுத்துப் பார்த்தேன். கோமதியை எண்ணியபோது அழுகையே வந்தது.

முகர்ஜி விடவில்லை. அந்த ஃபிலிமைத் திருப்பி வரவழைத்து விளக்குக்கு முன் பிடித்தார். பேட்ஜில் இருந்த உலோகத் தகடுகளின் நிழல் அதில் கத்தியால் நறுக்கியது போல ஓரம் கூராக விழுந்திருந்தது. இதை அணிந்தவன் நடப்பான், குனிவான், திரும்புவான், அப்போது நிழல் கலங்கித்தான் விழும், இத்தனை கூராக விழுந்தால் பேட்ஜ் ஓரிடத்தில் அசையாமல் இருந்திருக்கிறது என்றார். ரத்தமும் சுத்தம் என்று வந்தது. அறையைப் பெருக்கும் ராம்துலாரியை விசாரித்தார்கள். வெள்ளைக் கோட்டு ஒன்று ஒருநாள் சாயங்காலம் அந்த நாற்காலியில் கிடந்தது, ஸ்டாண்டில் கொண்டுபோய் மாட்டினேன், யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை என்றாள். நோயாளிகளின் துணிக்கு நடுவில் குர்பச்சன் கண்ணிலும் அது படவில்லை. எந்த நாள் என்று கேட்டார்கள். சம்பள நாளுக்கு முந்தின தினம், மதராஸி பெரியவர் ஒருவர் வந்து போனாரே அன்று என்றாள். முகர்ஜி ஃபிலிமைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அன்னிக்கு மத்தியானம் வந்த எல்லா நோயாளிங்களோடயும் உன் கோட்டும் சிகிச்சை எடுத்துக்கிட்டிருக்கு. நீ மட்டும் மாமனாரோட பஸ்ஸிலே போய்ட்டே.”

கோட்டுக்குத் தோஷம்

தில்லித் தமிழர்களுக்குள் ஒரு செய்தி பரவ ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ஓர் அப்பளக்கட்டு வாங்கும் நேரம் போதும். எனக்குக் கதிர் பட்டுவிட்டது என்பது நர்ஸ் ஒருத்தி மூலம் கோல் மார்க்கெட்டுக்குப் போய்விட்டது. பட்டது எனக்கு இல்லை என்பது மட்டும் போகவில்லை. நல்ல செய்திக்கு என்றைக்குமே பஸ் கிடைக்காது. சங்கரலிங்கம் கூப்பிட்டு அனுப்பினார்.

அப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்திருந்தார். சாம்பல் கோட்டு சாப்பாட்டு மேஜை நாற்காலியின் முதுகில் தோள் சரியாக மாட்டியிருந்தது. “தம்பி, மன்னிக்கணும். நிச்சயத்தை நிறுத்திருவோம். ஒரே மகளைப் பெத்தவன், எனக்கு வேற வழி தெரியல” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கூரான நிழலைப் பற்றிச் சொன்னேன். கோட்டு என் மேல் இல்லை, நாற்காலியில் இருந்தது என்று சொன்னேன். “கதிர் அடிக்க எடத்துல கொண்டு போயி நாற்காலியில கோட்டை மாட்டுவானா ஒருத்தன்? எவன் அந்த முட்டாப்பய?” என்றார். நான் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தேன். காலியான பிறகும் குடித்துக்கொண்டிருந்தேன். பெண் கொடுக்கப்போகிறவரைப் பார்த்து அந்த முட்டாள் நீங்கள்தான் என்று எந்த நாக்கால் சொல்வது? சொல்லாவிட்டால் பெண் போகும். சொன்னாலும் போகும்.

கோமதி சமையல்கட்டிலிருந்து வந்தாள். நாற்காலியில் இருந்த கோட்டைப் பார்த்தாள், என் காலி டம்ளரைப் பார்த்தாள். “அன்னைக்கு ஆஸ்பத்திரியில ஒங்க கோட்டை எங்கன மாட்டுனீக அப்பா?” என்றாள். “அங்கன ஒரு நாற்காலி கெடந்துச்சு.” “பொறவு எடுத்துப் போட்டுக்கிட்டீக. அவுக கோட்டைக் கழத்தி?” சங்கரலிங்கம் கழுத்தைத் திருப்பித் தன் கோட்டைப் பார்த்தார். எத்தனையோ வருஷமாகக் கை தானாகச் செய்துவந்த வேலை, அவரைக் கேட்டா செய்தது? அடுப்பில் பால் பொங்கியது. அவர் மனைவி அணைக்கப் போகவில்லை.

கோமதிதான் பேசினாள். “இத்தன வருசமா ஒங்க கோட்டு சீட்டுல இருந்துச்சு, நீங்க புல்தரையில கடலை தின்னீக. அந்த வேலையெல்லாம் நீங்க பாத்ததுன்னு நீங்களே சொல்ல மாட்டீக. அப்ப அவுக கோட்டு வாங்குன கதிரு மட்டும் எப்பிடிப்பா அவுக வாங்குனதாகும்?”

சங்கரலிங்கம் எழுந்தார். நாற்காலியிலிருந்து கோட்டை எடுத்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். அதுவரை என்னைத் தம்பி என்றே கூப்பிட்டுவந்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“தோஷம் கோட்டுக்குத்தான, அதைத் துவைச்சுப் போட்டுருவோம். நீங்க இருந்து காப்பி குடிச்சிட்டுப் போங்க மாப்ளே.”

பம்பாயில் என் கணக்கைத் திருத்தினார்கள், மெஷினுக்குத் திரும்பினேன், வைகாசியில் கல்யாணம் நடந்தது. ஊட்டி ஏரி பழசாகிவிட்டதென்று கோமதி வருஷாவருஷம் தன் ஆபீஸிலிருந்து விட்டத்துக்குப் புதுக் காலண்டர் கொண்டுவந்து தருகிறாள். அடுத்த வருஷம் குளிர்காலத்தில் மகள் பிறந்தாள். பத்து விரலும் சரியாக, நிறைய முடியோடு, யாருடைய தூக்கத்தையும் மதிக்காத குரலோடு. பேத்தியைப் பார்க்க வந்த மாமனார், வார்டில் மூன்று நாற்காலிகள் காலியாகக் கிடந்தும், கோட்டைக் கடைசிவரை கையிலேயே பிடித்திருந்தார்.

எங்கள் தொழிலில் ஆபத்து ஈயப் பெட்டிக்குள் இருக்கிறது என்று பாடத்தில் படித்தேன், என் விஷயத்தில் மட்டும் அது ஒரு கோட்டோடு வந்து இன்னொரு கோட்டோடு போயிற்று.